மூக்குச் சான்றிதழ்

“என் மூக்கு இருக்கற வரைக்கும் இந்தத் திண்டிவனம் தாலுக்காவுல ஒரு குடிகாரனும் எங்கிட்ட பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. நான் மோந்து பாத்துச் சொன்னது ஒரே ஒரு தடவ தப்புன்னு எவனாவது நிரூபிக்கட்டும், இதே மேடையில மூக்க அறுத்து வெச்சிட்டுப் போறேன்!”

1996ஆம் ஆண்டு காந்தி ஜெயந்தியன்று நடந்த மதுவிலக்குப் பிரசாரக் கூட்டத்தில் அமலதாஸ் ஆற்றிய உரையின் முக்கியப் பகுதி இது. கூட்டத்துக்கு முப்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் குடித்திருப்பதாக மேடையிலிருந்தே அறிவித்தார். யாரும் மறுக்கவில்லை. குடிக்காதவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள், குடித்தவர்கள் கைதட்டினார்கள்.

சரித்திரப் புகழ் பெற்ற அந்த மூக்கு பார்வைக்குச் சாதாரணமானதுதான். ஊருக்குச் சளி பிடித்தால் அதற்கும் பிடிக்கும். 1993இல் திண்டிவனத்துக்கு வெளியே ‘புதுக்கரை இல்லம்’ என்ற குடி மறுவாழ்வு நிலையத்தை ஓர் அறக்கட்டளை தொடங்கியபோது, பி.ஏ. வரலாறு முடித்துவிட்டுக் கூட்டேரிப்பட்டில் ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருந்தார் அமலதாஸ். வயது இருபத்துநான்கு. அவரிடம் இரண்டு தகுதிகள் இருந்தன: குடிப்பதில்லை, சொந்தமாக சைக்கிள் வைத்திருந்தார். உடனே வேலை கிடைத்தது. குடிநோய் பற்றிய பயிற்சி அரை நாள் நடந்தது. மதியம் பிரியாணி வந்ததும் பயிற்சி நிறைவுபெற்றது.

மீதிக் கல்வியை அவரே வகுத்துக்கொண்டார். இல்லத்தின் முற்றத்தில் சிமெண்டால் குகை மாதிரி கட்டிய மாதா கெபி ஒன்று உண்டு. குடியை விடுகிறேன் என்று வருகிறவரை அதன் முன்னால் நிறுத்தி, சத்தியம் வாங்கி, வலது மணிக்கட்டில் நீலக் கயிறு கட்டுவார். கெடு மூன்று மாதம். பாதிப் பேர் நெற்றி நிறைய விபூதியோடு வருவார்கள். மாதா ஆட்சேபித்ததாகத் தகவல் இல்லை. யார் கட்டினார், எந்தத் தேதியில் கட்டினார் என்று ஒரு நீள நோட்டில் எழுதுவார். மூன்றாவது பத்தி காலியாக இருக்கும். கெடு முடிந்ததும் அதில் ‘நின்றார்’ அல்லது ‘மீறினார்’ என்று ஒரே ஒரு சொல் விழும். அந்தச் சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது.

கயிறு கட்டியவர்கள் வாரம் ஒருநாள் வந்து அவர் மூக்குக்கு நேரே ஊதிக் காட்ட வேண்டும்.

“இன்னா, கொய்யா எல மென்னுக்கினு வந்துருக்க?”

“வயித்து வலிங்க சார்.”

“வயித்து வலிக்கு எல. சரி. எலைக்கு முன்னால இன்னா?”

“அது... காலைல கொஞ்சம்...”

“போ. கயித்த அவுத்து வெச்சிட்டுப் போ.”

அவிழ்த்து வைத்தவருக்கு மறுபடி இல்லத்தில் இடமில்லை. இது அமலதாஸ் சட்டம்.

புதிதாகக் கட்டுகிறவர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு சட்டம் உண்டு. அதைப் பிரசங்கம் போல, ஒரு எழுத்து மாறாமல் சொல்வார்: “மொத வாரம் கை ஆடும், கால் ஆடும், ஏதேதோ பெனாத்துவாரு. உள்ள இருக்கற பேய் வெளிய போவுது, பயப்படாதீங்க. ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. ஊசி போட்டு மறுபடியும் போதைய ஏத்திடுவாங்க. எதுவா இருந்தாலும் நேரா எங்கிட்ட கூட்டிக்கினு வாங்க.”

இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. பிரியாணி வராமல் இருந்திருந்தால் அந்த மதியம் வேறு எதையாவது சொல்லிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ.

1998 ஆவணிக் கடைசியில் கெடாரிலிருந்து பூமாலை வந்தார். நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்பவர். பல் விளக்குவதற்கு முன்னால் குடிக்க ஆரம்பித்துப் படுக்கும்வரை குடிக்கிறவர். மனைவி கெங்கம்மாள் கூடவே வந்திருந்தார். கயிறு கட்டும்போது பூமாலை சிரித்துக்கொண்டே சொன்னது முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது.

“எங்கிட்ட எதுவுமே தங்காது சார். காசு தங்காது, செருப்பு தங்காது. வாங்குன கொட மூணு, மூணையும் பஸ்ல வுட்டேன். இந்த வார்த்த தங்குதா இல்லியான்னு பாருங்க.”

கயிறோடு ஊர் திரும்பிய மூன்றாம் நாள் கை நடுங்கித் தட்டிலிருந்த சோறு தரையில் சிந்தியது. அன்று முழுக்கச் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லித் துண்டால் துடைத்தபடியே இருந்தார். நான்காம் நாள் காலையில் கெங்கம்மாள் அவரைக் கைத்தாங்கலாக பஸ் ஏற்றினார். கெடாரிலிருந்து திண்டிவனம் வர விழுப்புரத்தில் பஸ் மாற வேண்டும். அங்கே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பக்கத்து சீட்டுக்காரர் அவரைப் பார்த்துவிட்டு, “இங்கயே எறங்கி டாக்டர்கிட்ட காட்டும்மா” என்றார்.

“வேணாங்க. சாரு நேரா அவருகிட்டதான் கூட்டாரச் சொல்லியிருக்காரு” என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார் கெங்கம்மாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற குடும்பம்.

இல்லத்து வாசலில் பூமாலைக்கு வலிப்பு வந்தது. வண்டி பிடித்து வருவதற்குள் வராந்தா பெஞ்சிலேயே எல்லாம் முடிந்துபோனது.

“இன்னா சார் ஆச்சி இவருக்கு? சத்தியம் பண்ணாரே சார்! ஒரு சொட்டு தொடலியே!” என்று கெங்கம்மாள் அமலதாஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அன்று கயிறு கட்டிக்கொள்ள வந்த பதினோரு பேர் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமலதாஸ் குனிந்தார். பூமாலையின் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் அங்கேயே இருந்தார். நிமிர்ந்தார். பதினோரு பேரையும் பார்த்தார்.

“மீறிட்டாரும்மா,” என்றார். “ஒனக்குத் தெரியாம எங்கயோ போட்டுருக்காரு. மாதா முன்னால நின்னு சொன்னத மீறுனா இப்படித்தான் ஆவும்.”

நோட்டில் மூன்றாம் பத்தியில் அச்சொல் எழுதப்பட்டது. பதினோரு பேரில் ஒருவர்கூட அந்த மூன்று மாதமும் மதுக்கடைப் பக்கம் திரும்பவில்லை. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் இந்தச் சாதனைக்குத் தனிப் பத்தி ஒதுக்கப்பட்டது.

கெங்கம்மாளுக்கு ஆண்டறிக்கை எதுவும் போய்ச் சேரவில்லை. சாமி குத்தம் உள்ள வீடு என்று மகள் வேணிக்குப் பேசிய முதல் சம்பந்தம் கலைந்தது. கணவர் சாமியிடம் பொய் சொன்னதற்குத் தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கெங்கம்மாளுக்குத் தோன்றிவிட்டது. ஒவ்வொரு செப்டம்பர் எட்டாம் தேதியும், மாதா பிறந்தநாளன்று, இரண்டு பஸ் மாறித் திண்டிவனம் வருவார். கெபியில் ஆறு மெழுகுவத்தி ஏற்றி, அவை எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். அமலதாஸ் புதிதாக வந்தவர்களை வராந்தாவில் வரிசையாக நிற்க வைத்துக் காட்டுவார்.

“பாத்துக்குங்க. புருசன் மீறுனதுக்கு அந்தம்மா வருசா வருசம் வந்து அழுதுக்கினு இருக்குது. ஒங்க பொண்டாட்டிங்களுக்கு இது வேணுமா?”

இப்படிப் பதினைந்து செப்டம்பர்கள் சுமுகமாக நடந்தேறின.

2014இல் உலகம் அமலதாஸுக்கு எதிராகத் திரும்பியது. இல்லத்துக்கு நிதி தருகிறவர்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். ஆலோசகர் என்ற பெயரில் பணியாற்றும் அனைவரும் குடிநோய் குறித்த பன்னிரண்டு வார இணையவழிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் பெறாதவர்கள் விடுதிக் காப்பாளர் என்று அழைக்கப்படுவார்கள். வாசலில் ‘பி. அமலதாஸ், மூத்த ஆலோசகர்’ என்று எழுதிய பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றுவார்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை. ஆனால் அமலதாஸுக்கு அதுதான் தெரிந்தது.

“இருவத்தோரு வருசமா குடிகாரனுங்களோட குடும்பம் நடத்திக்கினு இருக்கேன். பெங்களூர்ல குந்திக்கினு எவனோ எனக்குப் பாடம் எடுக்கறானா?”

“எவனோ இல்ல சார். ஒரு லேடி டாக்டர்” என்றார் அற்புதமேரி. அவர் இல்லத்தின் நர்ஸ். 2005இல் சேர்ந்தவர். அவரும் அதே படிப்பில் பெயர் கொடுத்திருந்தார்.

“அது வேறயா! பேஜாரு.”

ஆபீஸில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். டேட்டா கார்டு மனம்வைத்தால் டாக்டரம்மா பேசுவார்; இல்லையென்றால் வாயைத் திறந்தபடி கால் மணி நேரம் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேசக் கீழே தமிழில் எழுத்து ஓடும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் பத்துக் கேள்விகள். எழுபது மதிப்பெண் எடுத்தால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

நான்காம் பாடத்தின் கேள்வி ஒன்று: சிகிச்சைக்குப் பின் ஒருவர் மீண்டும் குடித்துவிட்டு வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன? ‘கண்டித்துத் திருப்பி அனுப்ப வேண்டும்’ என்ற விடையை அமலதாஸ் அழுத்தமாக அமுக்கினார். சிவப்பில் பெருக்கல் குறி வந்தது. மறுபடி அதையே அமுக்கினார். மறுபடி பெருக்கல் குறி.

“கம்ப்யூட்டர் தப்பா சொல்லுது.”

“வோணும்னா மோந்து பாருங்களேன் சார், போட்டுக்கினு வந்துருக்கப் போவுது” என்றார் அற்புதமேரி.

விடைத்தாளில் உள்ள பிழைகளைச் சுட்டிக்காட்டி அந்த நிறுவனத்துக்கு இரண்டு பக்க மின்னஞ்சல் அனுப்பினார் அமலதாஸ். ‘மறுபடி விழுவது இந்த நோயின் ஒரு பகுதி, விழுந்தவர்தான் நம்மிடம் முதலில் வர வேண்டும்’ என்று பணிவாக ஒரு வரி பதில் வந்தது. நோட்டில் ‘மீறினார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிய இருநூற்றுச் சொச்சம் பேர் இந்த வரியைப் படிக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு சிறு ஆறுதல்.

ஆறாம் பாடம் ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம் திறந்தது. அன்று டேட்டா கார்டு ஒருமுறைகூட நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு ஆள் படுத்திருந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. போர்வையில் இல்லாத எதையோ விரலால் பொறுக்கிப் பொறுக்கிக் கீழே போட்டார். கீழே தமிழ் ஓடியது: ‘நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் நடுக்கமும், இல்லாதவை தெரிவதும், வலிப்பும் வரலாம். உயிர் போகலாம். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.’

அமலதாஸ் படத்தை நிறுத்தினார்.

“இன்னா பொறுக்கறாரு அவரு?”

“பூச்சி, எறும்பு, ஏதாவது சார். அவங்க கண்ணுக்கு அப்படித் தெரியும். நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப எத்தினி பேரப் பாத்துருக்கேன்! நாலு நாள் மாத்திர குடுத்தா செரியாப் பூடும்” என்றார் அற்புதமேரி. “அத்தொட்டுதான டாக்டர் பாத்த பின்னாடி கயிறு கட்டறது.”

உண்மைதான். அற்புதமேரி வந்த வருடத்திலிருந்து அப்படித்தான் நடந்தது. அது நிதி தருகிறவர்கள் போட்ட விதி என்று நினைத்துக் கீழ்ப்படிந்தாரே தவிர, ஏன் என்று அமலதாஸ் கேட்டதில்லை.

“குடிச்சாதான வலிப்பு வரும்?”

“குடிய நிறுத்துனா வரும் சார். குடிச்சிருந்தா ஏன் வரப் போவுது?”

அன்றைய பத்துக் கேள்விகளுக்கும் பத்துச் சரியான விடை அளித்தார் அமலதாஸ். பச்சை எழுத்தில் ‘வாழ்த்துகள்’ என்று திரையில் வந்தது. நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவர் எழுந்து, பீரோவைத் திறந்து, பழைய நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்தார்.

கடைசி வாரம் ஒரே ஒரு வேலைதான். தான் பார்த்தவர்களில், தன் தவற்றால் கெட்டுப்போன ஒருவரைப் பற்றி எழுத வேண்டும். அவரோ குடும்பத்தாரோ சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அமலதாஸ் நடராசன் என்பவரைப் பற்றி எழுதினார். கயிறு கட்டிக் குடியை விட்டு, இன்று கூட்டேரிப்பட்டில் டீக்கடை வைத்திருப்பவர். ‘நன்று. ஆனால் கேட்டது கெட்டுப்போன ஒருவரைப் பற்றி’ என்று திரும்பி வந்தது. அடுத்ததாக, சொன்ன பேச்சைக் கேட்காமல் அழிந்துபோன ஒருவரைப் பற்றி எழுதினார். ‘இதில் தவறு அவருடையதாக இருக்கிறது. உங்களுடையது எது?’ என்று திரும்பி வந்தது.

“எனக்கு அப்பிடி ஒரு ஆளு இல்லியே” என்றார் அமலதாஸ்.

அற்புதமேரி சிரித்தார். “இருவத்தோரு வருசத்துல ஒரு ஆளு கூடவா இல்ல? அப்ப ஒங்களுக்குக் கெபிதான் கட்டணும் சார்.”

அமலதாஸ் பீரோவைத் திறந்து அந்தப் பழைய நோட்டை மறுபடி எடுத்தார்.

செப்டம்பர் ஐந்தாம் தேதி, சம்மதக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். விழுப்புரத்தில் மாறினார். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்கள் இறங்கும்படி கண்டக்டர் கத்தியபோது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்.

கெடாரில் கெங்கம்மாள் ஒரு கொல்லையில் நான்கைந்து பெண்களோடு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். பிடுங்கிப் போட்ட நிலக்கடலைச் செடிகள் மலையாகக் குவிந்திருந்தன. இவரைப் பார்த்ததும் மடியிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து ஓடி வந்தார். காலைச் சாய்த்து ஓடினார்.

“வாங்க சார், வாங்க சார்! இம்மாந்தூரம் நீங்களே வந்துருக்கீங்க, ஒரு போன் பண்ணக் கூடாதா? ஏ அம்சா, சாருக்கு அந்தச் சொம்ப எடு! இவருதான் திண்டிவனத்து சாரு. நாஞ்சொல்வேன்ல.”

அம்சா தண்ணீர் கொண்டுவந்தார். “மூக்கு சாரா?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மற்ற பெண்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் வேப்ப மரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள்.

“ஒரு கையெழுத்து வோணும்மா. அவரப் பத்தி எழுதணும். படிப்பு ஒண்ணு படிக்கறேன்.”

“இந்த வயசுலயா சார்?”

“ஆமா. இந்த வயசுலதான்.”

என்ன எழுதப்போகிறார் என்று கெங்கம்மாள் கேட்கவில்லை. காகிதத்தை வாங்கித் தொடைமேல் வைத்து, அறிவொளி இயக்கத்தில் கற்றுக்கொண்ட கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். பேனாவை மூடிக் கொடுத்தார். வேலை முடிந்தது. சான்றிதழுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, பெயர்ப்பலகை தப்பித்தது. எழுதுவதைப் பெங்களூர் டாக்டரம்மாதான் படிக்கப்போகிறார். சாலையில் விழுப்புரம் பஸ் திரும்பி வருகிற நேரம்.

“நீங்க வந்ததும் நல்லதாப் போச்சி சார். ரெண்டு மாசமா முட்டி வலி. பஸ்ல கால மடக்க முடியல. இந்தத் தபா வர முடியாதுன்னு மனசு அடிச்சிக்கினு இருந்துச்சி.” கெங்கம்மாள் மரக்கிளையில் மாட்டியிருந்த பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ஆறு மெழுகுவத்திகள். “நீங்களே எட்டாந்தேதி ஏத்திடுங்க. அவருக்காக மன்னிப்புக் கேட்டுடுங்க. வார்த்த தவறிட்டாரு, பெரிய மனசு பண்ணணும்னு சொல்லுங்க. நீங்க சொன்னா மாதா கேக்கும்.”

பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டார் அமலதாஸ். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, நின்றது, போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“பஸ்ஸ வுட்டுட்டீங்களே சார்.”

“அவரு வார்த்த தவறலம்மா.”

“இன்னா சார்?”

“கயிறு கட்டுன அன்னிலேர்ந்து அவரு குடிக்கவே இல்ல. குடிக்காததாலதான் வலிப்பு வந்துச்சி. விழுப்புரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா பொழைச்சிருப்பாரு. போவக் கூடாதுன்னு ஒங்கிட்ட சொன்னது நானு.”

கெங்கம்மாளின் விரலிடுக்கில் ஒரு மல்லாட்டை இருந்தது. அதை அவர் உடைக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை. அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அம்சா எதற்கோ சிரித்தார்.

“நீங்கதான சார் மோந்து பாத்தீங்க?” என்றார் கெங்கம்மாள்.

“பாத்தேன்.”

“இன்னா வந்துச்சி?”

அமலதாஸ் தன் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

“வேர்வ வாட வந்துச்சி. மல்லாட்டச் செடி வாட வந்துச்சி. வேற ஒண்ணும் வரலம்மா.”